லண்டனில் ஒரு நாள்: புதுக்கோட்டை டீச்சரின் பட்டியலில் கடைசி இடம்!

லண்டனுக்குச் சுற்றுலா போகும் நம்மூர்க்காரர்கள் கையில் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் இருக்கும். பிக் பென், டவர் பிரிட்ஜ், பக்கிங்ஹாம் அரண்மனை, லண்டன் ஐ, பிரிட்டிஷ் மியூசியம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் நின்று ஒரு போட்டோ. இரவுக்குள் அத்தனையும் உறவினர்களின் செல்போனுக்குப் போய்விடும்.

புதுக்கோட்டையிலிருந்து மகன் வீட்டுக்குப் போயிருந்த ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவரின் பட்டியலும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. கடைசி வரி மட்டும் வேறு. அதில் ‘கோல்டர்ஸ் கிரீன்’ என்று எழுதி, பக்கத்திலேயே ‘நம்ம ராஜா’ என்று குறித்து வைத்திருந்தார்.

கோல்டர்ஸ் கிரீன் சுற்றுலாத் தலம் அல்ல. வடக்கு லண்டனில் உள்ள ஒரு குடியிருப்புப் பகுதி. அங்கே ஒரு தகன மையம் இருக்கிறது. புதுக்கோட்டையை ஆண்ட மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமானின் உடல் எரியூட்டப்பட்டது அங்கேதான்.

பெயர் வேண்டாம் என்பது அவர் விருப்பம். ஊரில் எல்லோரும் கூப்பிடுவதுபோல இங்கேயும் ‘டீச்சர்’ என்றே இருக்கட்டும்.

இரண்டு மாதமாகப் பதில் சொல்லாத கேள்வி

டீச்சருக்கு வயது 64. புதுக்கோட்டை மாவட்ட அரசுப் பள்ளிகளில் 30 வருடங்களுக்கு மேல் வரலாறு நடத்தியவர். திருக்கோகர்ணத்தில் சொந்த வீடு. கணவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. ஒரே மகன், மருமகள், ஒன்பது வயதுப் பேரன் மூவரும் லண்டனில், ஹாரோ பகுதியில் இருக்கிறார்கள். மகனுக்கு சாஃப்ட்வேர் வேலை. மருமகள் மருத்துவமனையில் நர்ஸ்.

ஏப்ரலில் ஆறு மாத விசாவில் போனவரிடம், போய் இறங்கிய வாரமே மகன் ஒரு பேச்சை எடுத்திருந்தார். திருக்கோகர்ணம் வீட்டை விற்றுவிடலாம். கோயம்புத்தூர் பக்கம் பெரியவர்களுக்கென்று கட்டியிருக்கும் குடியிருப்பில் ஒரு ஃபிளாட் வாங்கலாம். வருடத்தில் பாதி அங்கே, பாதி லண்டனில். சமைக்கிற வேலை இல்லை, டாக்டர் கூப்பிடு தூரத்தில் இருப்பார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் டீச்சர் பதில் சொல்லவில்லை. “யோசிக்கலாம் தம்பி” என்பதோடு பேச்சை முடித்துக்கொண்டார்.

மே மாதக் கடைசியில் அங்கே பள்ளிகளுக்கு ஒரு வாரம் விடுமுறை. அந்த வாரத்தில் ஒரு நாள் லீவு போட்டு ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்றார் மகன். டீச்சரே தேதி சொன்னார். “28-ம் தேதி போடுப்பா.” ஏன் அந்தத் தேதி என்று மகனும் கேட்கவில்லை.

வெஸ்ட்மின்ஸ்டர் முதல் டிரஃபால்கர் வரை

காலையிலேயே புளியோதரை கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து டப்பாவில் எடுத்துக்கொண்டார். பருத்திப் புடவை, அதன் மேல் ஸ்வெட்டர், காலில் சாக்ஸும் ஷூவும். “அத்தை, மே மாசம்னு நம்பாதீங்க, காத்து அடிக்கும்” என்று மருமகள் ஒரு மஃப்ளரையும் கழுத்தில் சுற்றிவிட்டு டியூட்டிக்குக் கிளம்பினார்.

லண்டன் மெட்ரோவில் டிக்கெட் கவுன்டரில் நிற்க வேண்டியதில்லை. வாசலில் இருக்கும் கருவியில் பேங்க் கார்டைத் தொட்டுவிட்டு உள்ளே போகலாம், இறங்குமிடத்தில் மறுபடி தொட்டுவிட்டு வெளியே வரலாம். பெரியவர்களுடன் போகும் 11 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் கிடையாது. பேரனுக்கு அதில் பெருமை. “அப்பத்தா, எனக்கு ஃப்ரீ!”

ஹாரோவில் ஏறி, வெம்ப்ளி பார்க்கில் மாறி, வெஸ்ட்மின்ஸ்டரில் இறங்கினார்கள். படியேறி வெளியே வந்தால் தலைக்கு மேலேயே கடிகாரக் கோபுரம். அண்ணாந்து பார்த்த டீச்சருக்குப் பேரன்தான் பாடம் எடுத்தான். பிக் பென் என்பது கடிகாரத்தின் பெயர் இல்லையாம், உள்ளே இருக்கும் பெரிய மணியின் பெயராம். கோபுரத்துக்கு 2012-ல் எலிசபெத் டவர் என்று பெயர் வைத்துவிட்டார்களாம். உயரம் 96 மீட்டர்.

“கடிகாரம் ஓட ஆரம்பிச்ச வருஷம் தெரியுமா?” என்றார் டீச்சர். பேரன் முழித்தான். “1859. அதுக்கு முந்தின வருஷம்தான் கம்பெனிகிட்ட இருந்து இந்தியாவை நேரா ராணி எடுத்துக்கிட்டாங்க.” ஓய்வு பெற்றாலும் பழக்கம் போகுமா?

அங்கிருந்து டிரஃபால்கர் சதுக்கத்துக்கு வைட்ஹால் என்ற சாலை வழியாக நடந்தே போகலாம், கால் மணி நேரம்தான். இடது பக்கத்தில் பிரதமர் வீடு இருக்கும் டவுனிங் தெரு. கேட்டுக்கு வெளியே கூட்டம் செல்போனை நீட்டிக்கொண்டு நிற்கும். டீச்சர் அதற்குச் சற்று முன்னாலேயே நின்றுவிட்டார். கிங் சார்ல்ஸ் தெரு முனையில் இருக்கும் பெரிய கல் கட்டடம் அது. இப்போது வெளியுறவு அமைச்சகம்.

“என்னம்மா, கால் வலிக்குதா?”

“இல்லப்பா. இதுலதான் இந்தியா ஆபீஸ் இருந்துச்சு. 1947 வரைக்கும் நம்ம ஊரு ஃபைல் எல்லாம் இங்கதான் வரும்.”

அப்போதுதான் மகனுக்கு 28-ம் தேதியின் கணக்கு புரிந்தது.

ஒரு கல்யாணத்தின் கதை

புதுக்கோட்டை வாசகர்களுக்குத் தெரிந்த கதைதான். மற்றவர்களுக்காகச் சுருக்கமாக.

ஆங்கிலேயர் காலத்திலும் புதுக்கோட்டை தனி சமஸ்தானம். தனக்கென்று நாணயம் வைத்திருந்த ஊர். மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் 1875-ல் பிறந்தார். 1886-ல் சிறுவனாக இருக்கும்போதே அரசுரிமை அவருக்கு வந்தது. சேஷய்ய சாஸ்திரியார் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ள, ஆங்கிலேய ஆசிரியரிடம் படித்து வளர்ந்தார். 1894-ல் முழு அதிகாரம் கைக்கு வந்தது. ஐரோப்பியப் பயணங்களில் ஆர்வம் அதிகம். 1890-களின் இறுதியிலேயே ஐரோப்பா போய்வந்தவர். திருக்கோகர்ணத்தில் இன்றைக்கும் இருக்கும் அரசு மியூசியம் அவருடைய ஆட்சியில், 1910-ல் தொடங்கப்பட்டதுதான்.

1915-ல் ஆஸ்திரேலியாவுக்குப் போன இடத்தில் மெல்பர்னைச் சேர்ந்த மாலி ஃபிங்க் என்ற இளம்பெண்ணைச் சந்தித்தார். அதே வருடம் ஆகஸ்ட் 10-ம் தேதி மெல்பர்னில் பதிவுத் திருமணம். ராஜாவுக்கு 39 வயது, மாலிக்கு 20.

கல்யாணம் முடிந்து இருவரும் புதுக்கோட்டைக்கு வந்தார்கள். ஆங்கிலேய அரசு அந்தத் திருமணத்தை விரும்பவில்லை. மாலியை ராணியாக ஏற்கவில்லை, பிறக்கும் குழந்தைக்குப் பட்டத்துரிமை தரவும் தயாராக இல்லை. உறவுகளிலும் எதிர்ப்பு. கர்ப்பமாக இருந்த மாலிக்கு அரளி விஷம் கொடுக்க முயற்சி நடந்தது என்றும் சொல்லப்படுகிறது. சில மாதங்களிலேயே தம்பதி ஊரை விட்டுக் கிளம்பினார்கள். 1916-ல் சிட்னியில் மகன் பிறந்தான். பையனுக்கு மார்த்தாண்ட சிட்னி என்று பெயர் வைத்தார்கள்.

பிறகு ஐரோப்பிய வாழ்க்கை. பிரான்ஸ் நாட்டின் கான் நகரில் வீடு. 1922 முதல் ராஜாவின் சகோதரர் ரகுநாத பல்லவராயர் ரீஜண்டாக இருந்து சமஸ்தானத்தைப் பார்த்துக்கொண்டார். 1928 மே 28-ம் தேதி பாரிஸில் ராஜா காலமானார். உடலைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுவர ஆங்கிலேய அரசு அனுமதி தரவில்லை. லண்டனுக்குக் கொண்டுபோய் கோல்டர்ஸ் கிரீனில் தகனம் செய்தார்கள்.

அதே ஆண்டு நவம்பரில், அரச குடும்பத்தின் வேறு கிளையைச் சேர்ந்த ஆறு வயது ராஜகோபால தொண்டைமானுக்குப் பட்டம் கட்டப்பட்டது. 1948 மார்ச் 3-ல் சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைத்தவர் அவர்தான். அவர் இருந்த அரண்மனைதான் இன்றைய மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

“பாடப் புத்தகத்துல இது கிடையாது” என்றார் டீச்சர். “ஆனா ஒவ்வொரு வருஷமும் பிள்ளைங்க கேக்கும், ‘அந்த வெள்ளக்கார ராணி என்ன ஆனாங்க டீச்சர்’னு. ராஜா என்ன ஆனார்னு கேட்ட பிள்ளை குறைவு.”

சிங்கத்தின் நிழலில் புளியோதரை

டிரஃபால்கர் சதுக்கத்தில் நெல்சனின் தூண், சுற்றிலும் நான்கு வெண்கலச் சிங்கங்கள். படிக்கட்டில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார்கள். புறாக்கள் கிட்டே வந்தாலும் போடக் கூடாது. அந்தச் சதுக்கத்தில் புறாவுக்கு இரை போடுவதற்குத் தடை இருக்கிறது.

சதுக்கத்தில் நெல்சனைத் தவிர வேறு சிலைகளும் உண்டு. பெரும்பாலானவர்கள் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒன்று ஹாவ்லக், 1857 எழுச்சியின்போது கான்பூர், லக்னோ பக்கம் படை நடத்தியவர். இன்னொன்று நேப்பியர், சிந்துப் பகுதியைப் பிடித்தவர். “பாதி சிலபஸ் இங்கதான் நிக்குது” என்று டீச்சர் சொன்னதும் மகன் சிரித்துவிட்டார். அன்றைக்கு அவர் முதல்முறையாகச் சிரித்தது அப்போதுதான்.

அங்கிருந்து சிவப்பு நிற மாடி பஸ்ஸில், பேரனின் ஆசைப்படி மேல் மாடி முன் சீட்டில் உட்கார்ந்து பிரிட்டிஷ் மியூசியத்துக்கு.

காணாமல் போன கண்ணாடி

மியூசியத்தின் நிரந்தரக் கூடங்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. முழுதாகப் பார்க்க ஒரு வாரம் வேண்டும். ஒரு மதியம்தான் இருக்கிறது என்றால் எதைப் பார்ப்பது என்று முன்பே முடிவு செய்துகொண்டு போவது நல்லது. டீச்சர் மூன்றைத்தான் எழுதி வைத்திருந்தார். ரோசெட்டா கல், அமராவதிச் சிற்பங்கள், சோழர் கால நடராஜர்.

ரோசெட்டா கல்லைச் சுற்றி நெருக்கடி. 1799-ல் எகிப்தில் கிடைத்தது, 1802-ல் இங்கே வந்தது. ஒரே செய்தியை மூன்று எழுத்து முறைகளில் வெட்டிய கல். எகிப்தின் பழைய சித்திர எழுத்தைப் படிக்க வழி காட்டியது இதுதான். எகிப்தில் அதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று மகன் செல்போனில் படித்துக் காட்டினார்.

அமராவதிச் சிற்பங்களுக்குத் தனி அறை. ஆந்திராவின் கிருஷ்ணா நதிக்கரை ஸ்தூபியிலிருந்து வந்த சுண்ணாம்புக் கல் சிற்பங்கள். வெளிச்சம் குறைத்து, குளிர்ச்சியாக, பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அங்கேதான் டீச்சர் தன் கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார். கைப்பையில் இல்லை, ஸ்வெட்டர் பாக்கெட்டில் இல்லை. பஸ்ஸில் விட்டுவிட்டோமோ? மகன் வந்த வழியே திரும்பிப் போனார்.

டீச்சர் அசையாமல் நின்று கண்ணை மூடிக்கொண்டார். “அரைக்காசு அம்மா, ஒரு அச்சு வெல்லம்.”

திருக்கோகர்ணத்து பிரகதாம்பாளுக்கு அரைக்காசு அம்மன் என்றும் பெயர். தொலைந்த பொருள் கிடைக்க வேண்டும் என்றால் அவளுக்கு வெல்லம் வேண்டிக்கொள்வது வழக்கம். சென்னையில் சாவி தொலைத்தவர்களும் துபாயில் பாஸ்போர்ட் தொலைத்தவர்களும்கூட வேண்டிக்கொள்கிறார்கள்.

கண்ணாடி பேரனின் ஜாக்கெட் பாக்கெட்டில் இருந்தது. ரோசெட்டா கல்லைப் போட்டோ எடுக்கும்போது அப்பத்தாவே கொடுத்து வைத்திருந்தாராம். “வெல்லம் ஒர்க் ஆகுது அப்பத்தா” என்றான் பையன்.

நடராஜர் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்கள். அலங்காரம் இல்லை, தீபம் இல்லை. பெயர்ப்பலகை மட்டும். டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டார். பக்கத்தில் நின்ற வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் கேமராவைத் தாழ்த்திக்கொண்டு வழிவிட்டார்.

“ஊரு விட்டு ஊரு வந்ததெல்லாம் இங்க இருக்கு” என்றார் டீச்சர். “கல்லு, சிலை எல்லாத்தையும் திருப்பிக் கேக்க ஆள் இருக்கு. ராஜாவைக் கேக்கத்தான் ஆளில்ல. கிளம்புவோமா?”

கோல்டர்ஸ் கிரீன்

டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு ஸ்டேஷனில் நார்தர்ன் லைன் ரயில் ஏற வேண்டும். எட்ஜ்வேர் போகும் வண்டி. வழியில் வரும் ஹாம்ப்ஸ்டெட்தான் லண்டன் மெட்ரோவிலேயே ஆழமான ஸ்டேஷன், தரைக்குக் கீழே 58 மீட்டர். அடுத்த நிறுத்தம் கோல்டர்ஸ் கிரீன். அதற்குச் சற்று முன்னால் ரயில் சுரங்கத்திலிருந்து வெளியே வந்துவிடுகிறது. திடீரென்று வானம், மரங்கள், ஓட்டுக் கூரைகள்.

ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம்தான். ஹூப் லேன் என்ற அமைதியான தெரு. ஒரு பக்கம் யூதர்களின் கல்லறைத் தோட்டம், எதிரே தகன மையம். 1902-ல் திறக்கப்பட்டது, லண்டனின் முதல் தகன மையம் இது. சிவப்புச் செங்கல் கட்டடம், வளைவு வளைவாக நீளும் நடைகூடம், பின்னால் பரந்த புல்வெளி. மனோதத்துவ அறிஞர் சிக்மண்ட் ஃபிராய்டின் அஸ்தி இருப்பதும் இங்கேதான்.

கேட் வரை வந்த டீச்சர் அங்கேயே நின்றுவிட்டார்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல. நான் இந்த மாதிரி இடத்துக்கு வந்ததில்ல.”

நம் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. கணவர் இறந்தபோது டீச்சரும் தெருமுனை வரைதான் போனார். கூட்டம் நகர்ந்து போனதைப் பார்த்துவிட்டு, உறவுக்காரப் பெண்கள் கைத்தாங்கலாகத் திருப்பி அழைத்து வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை. ராமேஸ்வரத்தில் கரைத்துவிட்டு வந்த மகன் கையில் இருந்த ஈரத் துண்டைத்தான் பார்த்திருக்கிறார்.

முப்பது வருடம் ராஜாக்களின் பிறப்பும் இறப்பும் நடத்திய டீச்சர், முதல்முறையாக ஒரு தகன மையத்துக்குள் காலெடுத்து வைத்தார். பேரன் கையைப் பிடித்துக்கொண்டான்.

உள்ளே சத்தமே இல்லை. புல்வெளி ஓரம் ரோஜாச் செடிகள், ஆங்காங்கே பெஞ்சுகள். ஒரு பெரியவர் தனியாக உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அஸ்தி மாடங்கள் இருக்கும் கட்டடத்தைக் காட்டி, “ஆபீஸ்ல கேட்டுப் பாக்கவா, எந்த மாடம்னு?” என்றார் மகன்.

“வேணாம்ப்பா. இந்தத் தோட்டத்துலதான் எங்கயோ இருக்கார். அது போதும்.”

மூவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு சின்னத் துணி முடிச்சை எடுத்தார். உள்ளே சிறிய செப்புக் காசு. ஒரு பக்கம் உட்கார்ந்த கோலத்தில் பிரகதாம்பாள், இன்னொரு பக்கம் ‘விஜய’ என்று தெலுங்கு எழுத்தில். புதுக்கோட்டை சமஸ்தானத்தின் அம்மன் காசு. நவராத்திரியில் அரண்மனையிலிருந்து அரிசியோடு சேர்த்து ஜனங்களுக்குக் கொடுப்பார்கள். டீச்சரின் பாட்டி வாங்கி வைத்திருந்தது.

தொண்டைமான் மன்னர்கள் தங்களை ‘பிரகதாம்பா தாஸ்’ என்றுதான் சொல்லிக்கொண்டார்கள், அந்த அம்மனின் அடிமை என்ற பொருளில். அந்தக் காசை ராஜா இருக்கும் இடத்தில் போட்டுவிட்டு வர வேண்டும் என்பதுதான் டீச்சர் ஊரிலிருந்து கிளம்பும்போதே நினைத்து வைத்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

தெருமுனையில் நின்றுபோன பேச்சு

காசைக் கையில் வைத்துக்கொண்டு டீச்சர் பேச ஆரம்பித்தார்.

“ராஜா 1928-ல போனாரு. அந்தம்மா 1967-ல கான்லதான் இறந்துச்சு. அவங்க சாம்பலையும் கொண்டுவந்து இங்க இவர்கூடவே வச்சிருக்காங்க. 39 வருஷம் கழிச்சு. நான் இத்தனை நாளும், ராஜா அநாதையா வேத்து ஊர்ல கிடக்காரேன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன். அப்படி இல்ல போலருக்கு.”

மகன் ஒன்றும் சொல்லவில்லை.

“நீ வீட்டைப் பத்திக் கேட்டியே தம்பி.”

“இப்ப எதுக்கும்மா அது?”

“இப்பதான் பேசணும். வீட்டுக்கு எவ்வளவு கிடைக்கும், ஃபிளாட் என்ன விலைன்னு எல்லாம் சொன்ன. ஏன்னு மட்டும் சொல்லல.”

கொஞ்ச நேரம் கழித்துத்தான் மகன் பேசினார். அப்பா இறந்த செய்தி வந்தபோது லண்டனில் நள்ளிரவு தாண்டியிருந்தது. கிடைத்த விமானத்தைப் பிடித்து, சென்னையில் இறங்கி, கார் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர இரண்டு நாள் ஆகிவிட்டது. அதுவரை அப்பாவை ஃப்ரீசர் பெட்டியில்தான் வைத்திருந்தார்கள். கண்ணாடி வழியாகத்தான் முகத்தைப் பார்க்க முடிந்தது.

“இன்னிக்கும் ராத்திரி போன் அடிச்சா நெஞ்சு நின்னுடுதும்மா. நீ அந்த வீட்ல தனியா இருக்க. கீழ விழுந்தாகூட எனக்கு யாரு சொல்லுவா? அதான் விக்கச் சொன்னேன். காசுக்கு இல்ல.”

மூன்று வருடமாக அம்மாவும் மகனும் தினமும் வீடியோ காலில் பேசியிருக்கிறார்கள். இதை மட்டும் பேசியதில்லை.

டீச்சர் மகனின் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு வகுப்பில் பாடத்தை முடிக்கும்போது சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“நான் இருக்கற வரைக்கும் திருக்கோகர்ணம் வீடு இருக்கட்டும். மாடிய வாடகைக்கு விட்டுடறேன், நல்ல குடும்பமாப் பாத்து. தனியா இருக்கேன்னு உனக்குப் பயம் வேணாம். வருஷம் ஒரு தடவை இங்க வர்றேன், குளிர் இல்லாத மாசமாப் பாத்து. எனக்கு அப்புறம் வீட்டை என்ன பண்றதுங்கிறது உன் இஷ்டம். அதுல நான் தலையிட மாட்டேன்.”

“சரிம்மா.”

“இன்னொண்ணு. எனக்கு எது ஆனாலும் பெட்டில வச்சுக் காத்துக்கிட்டிருக்கக் கூடாது. ஊர்ல ஆச்சுன்னா, நீ வர முடிஞ்சா வா. நாளாகும்னா சித்தப்பா பையன் செஞ்சுடட்டும். இங்க வந்திருக்கும்போது ஆச்சுன்னா இங்கயே எரிச்சுடு, உடம்பைத் தூக்கிக்கிட்டு அலையாத. சாம்பலை மட்டும் ராமேஸ்வரத்துக்குக் கொண்டுவந்துடு. உங்கப்பா அங்கதான இருக்கார்.”

“அம்மா, போதும்.”

“சொல்லிட்டேன், அவ்வளவுதான். ராஜாவுக்கு எங்க போய்ச் சேரணும்னு கவர்மென்ட் முடிவு பண்ணுச்சு. எனக்கு நானே பண்ணிக்கிறேன்.”

மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதிர்ப் பெஞ்சுப் பெரியவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, பார்க்காததுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

காசு யாருக்கு?

இத்தனை நேரமும் பேரனின் கண் அப்பத்தா கையிலிருந்த காசு மேலேயே இருந்தது. “அப்பத்தா, இதுக்கு என்ன வாங்கலாம்?”

டீச்சருக்குக் குரல் மாறியது. கணக்கு கேட்டால் ஆசிரியைக்கு வேறு எதுவும் நினைவிருக்காது. “ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஒரு அணாவுக்கு 20 அம்மன் காசு. அப்ப ஒரு ரூபாய்க்கு எத்தனை?”

பையன் விரலை மடக்கினான். “320!”

“கரெக்ட்.”

புல்வெளியில் காசைப் போடலாமா என்று மகன் தயங்கியபடி சுற்றிப் பார்த்தார். டீச்சர் தலையை ஆட்டினார். “வேணாம். புல்லு வெட்டற மெஷின்ல மாட்டிக்கும். அவருக்கு இங்க துணை இருக்கு. அம்மன் காசு அவருக்கு எதுக்கு?”

துணி முடிச்சோடு காசைப் பேரன் கையில் வைத்து மூடினார்.

“எனக்கா? தொலைச்சுட்டா?”

“தொலைச்சா அரைக்காசு அம்மாவுக்கு வெல்லம் வேண்டிக்க. கிடைச்சிடும்.”

கேட்டுக்கு வெளியே வந்ததும் டீச்சர் கேட்டது ஒன்றுதான். வீட்டுக்குள் போனவுடன் எதையும் தொடாமல் நேராகக் குளிக்க வேண்டுமே, வெந்நீர் வருமா? மகன் மனைவிக்கு போன் போட்டார். விஷயத்தைக் கேட்ட மருமகள், “ஹீட்டர் போட்டு வைக்கறேன். மூணு பேருக்கும் துண்டை வாசல்லயே வச்சுடறேன், அத்தைகிட்ட சொல்லிடுங்க” என்றாராம்.

டீச்சர் ஆகஸ்ட்டில் ஊர் திரும்பிவிட்டார். மாடிக்கு ஒரு குடும்பம் குடி வந்திருக்கிறது, கணவன் மனைவி இருவரும் ஆசிரியர்கள். மியூசியத்தில் வேண்டிக்கொண்ட ஒரு அச்சு வெல்லத்தை வந்த மறுநாளே கோயிலில் செலுத்தியாகிவிட்டது.

டிசம்பர் விடுமுறைக்குப் பேரன் வருகிறான். இந்த முறை பட்டியல் அவன் போட்டது. திருக்கோகர்ணம் மியூசியம், தாமரைக்குள ஓவியம் இருக்கும் சித்தன்னவாசல், இசைக் கல்வெட்டு இருக்கும் குடுமியான்மலை, திருமயம் கோட்டை. எல்லாம் ஒரே நாளில் முடியாது என்று அப்பத்தா போனில் சொல்லிப் பார்த்தார். அவன் கேட்கவில்லை. காலையில் ஆறு மணிக்கே கிளம்பிவிடலாம், புளியோதரை மட்டும் கிளறி வையுங்கள் என்கிறான்.